காப்புக் கட்டிய கோகோ அணி

எனக்குக் கோபம் வந்தால் யாரையாவது திட்டித் தீர்த்துவிட வேண்டும். அது என் பிறவிக் குணம். வீட்டில் ஆள் இல்லையென்றால் பஸ் கண்டக்டரையாவது, அவரும் அகப்படாவிட்டால் கேஸ் சிலிண்டர் போடுகிறவரையாவது நாலு வார்த்தை கேட்டால்தான் எனக்குச் சோறு இறங்கும். போன ஆடி மாதம் முழுக்க எனக்குத் திட்டுவதற்கு ஒரு ஆள் கிடைக்கவில்லை. தேடித் தேடிப் பார்த்தேன். எல்லோரும் நல்லவர்களாகவே இருந்து தொலைத்தார்கள்.

எங்கள் ஊர் ஆந்திராவில், நகரிக்குப் பக்கத்தில் இருக்கிறது. விசைத்தறியும் மாந்தோப்பும்தான் பிழைப்பு. தலைமுறை தலைமுறையாக வீட்டில் தமிழ், ஆபீசில் தெலுங்கு, சண்டை முற்றினால் இரண்டும். நான் தினமும் பஸ் பிடித்துத் திருப்பதிக்குப் போய் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். மொட்டை போட்டுக்கொண்டு மலையிலிருந்து இறங்கி வருகிறவர்களில் பலருக்குக் கண்ணாடி காதில் நிற்காது. அதுவரை முடியை நம்பி நின்ற கண்ணாடி அது. அதன் கையைச் சூடு காட்டி வளைத்து, காதில் உட்கார வைத்து அனுப்புவது என் வேலை. வீட்டுக்காரர் சின்ன வேன் ஒன்றை வைத்துக்கொண்டு பூவும் காயும் ஏற்றுகிறார். எங்களுக்கு ஒரே பிள்ளை.

அவனுக்குக் கணக்கு வராது. இங்கிலீஷும் அவனும் ஒருவரையொருவர் தொந்தரவு செய்துகொள்வதில்லை. பத்தாவது முடித்ததும் ஸ்ரீசிட்டியில் ஏதாவது ஒரு கம்பெனியில் ஹெல்பராகச் சேர்த்துவிடலாம் என்று அவன் அப்பா எப்போதோ முடிவு செய்துவிட்டார். ஆனால் கோகோ களத்தில் இறங்கினால் அவன் வேறு ஆள். எதிரணி வரிசையாகக் குந்தியிருக்கும், ஒருவன் துரத்துவான். உட்கார்ந்திருப்பவன் முதுகில் தட்டி 'கோ' என்றதும் அவன் எழுந்து துரத்துவான். இவன் அந்த வரிசைக்குள் நுழைந்து நுழைந்து, கைக்கு எட்டுகிற மாதிரி வந்து, எட்டாமல் போய்க்கொண்டே இருப்பான். பார்க்கிற எனக்கு மூச்சு வாங்கும், ஓடுகிற அவனுக்கு வாங்காது.

அதற்கு முந்தைய வருடம் சித்தூரில் நடந்த மாவட்டப் போட்டிக்குப் பிள்ளைகளை அழைத்துப் போனவர் பள்ளிக்கூடத்துப் பி.இ.டி. சார் ஒருவர்தான். ஊரிலிருந்து வேறு யாரும் எட்டிப் பார்க்கவில்லை. எனக்கு லீவு கிடைக்கவில்லை. பிள்ளைகள் தோற்றுத்தான் வந்தார்கள். ஆனால் இவனைக் கடைசிவரை யாராலும் தொட முடியவில்லையாம். விளையாட்டு விடுதிப் பள்ளிக்கு ஆள் எடுக்க வந்திருந்த ஒரு அதிகாரி இவன் தோளைத் தட்டிக் கொடுத்து, சாரைக் கூப்பிட்டு, "வச்சே ஏடு வீண்ணி தப்பக தீஸ்குரண்டி" என்று சொல்லியிருக்கிறார். அடுத்த வருடம் இவனைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று அர்த்தம். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நாங்கள் ஒரு வருடம் ஓட்டினோம். அந்தப் பள்ளியில் தங்குவது, சாப்பாடு, படிப்பு, பயிற்சி எல்லாம் அங்கேயே. இந்த வருடத்தை விட்டால் வயது தாண்டிவிடும், அப்புறம் எடுக்க மாட்டார்கள். என் பிள்ளைக்கு என்று இருந்த வழி அது ஒன்றுதான்.

பூஸ்டர் கிளப் என்ற பேச்சை எடுத்தவர் சார். அவர் சித்தூர்க்காரர், தெலுங்குதான் தாய்மொழி, எங்களோடு பேசிப் பேசித் தமிழைப் பிடித்துக்கொண்டவர். ஏதோ ஒரு பெரிய ஊரில் பெற்றோரும் ஊராரும் சேர்ந்து விளையாட்டுப் பிள்ளைகளுக்குப் பின்னால் நிற்பதற்கு ஒரு சங்கம் வைத்திருக்கிறார்களாம், நாமும் வைக்கலாம் என்றார். அணியில் இருக்கும் பிள்ளைகளின் அம்மாக்கள் சில பேர் சேர்ந்தோம். என் வாய் நீளம் என்பதால் என்னைத் தலைவி ஆக்கினார்கள். பூஸ்டர் என்றதும் ஊரில் பாதிப் பேர் கொரோனா ஊசி என்று நினைத்து, நாங்கள்தான் போட்டுக்கொண்டோமே என்று கதவைச் சாத்தினார்கள்.

ஆதரவு திரட்டுவது என்பது என்ன வேலை என்று அப்போதுதான் தெரிந்தது. வாட்ஸ்அப்பில் ஒரு குரூப் ஆரம்பித்தோம். அதில் காலை வணக்கப் பூக்களும் முழங்கால் வலிக்கு வைத்தியமும் வந்தன, பிள்ளைகளைப் பற்றி ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. தறிக் கொட்டகை கொட்டகையாகப் போனேன். தறி ஓடும்போது உள்ளே இடி விழுந்தாலும் கேட்காது. நான் தொண்டை கிழியக் கோகோவைப் பற்றிக் கத்த, தறிக்காரர் ஒருவர் நூலிலிருந்து கண்ணை எடுக்காமல் அமைதியாகத் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். பேசி முடித்து வெளியே வந்த பிறகு, அந்தம்மா எந்தச் சீட்டுக் கம்பெனி என்று பக்கத்து ஆளைக் கேட்டாராம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூட மைதானத்தில் பயிற்சி ஆட்டம் வைத்து ஊரையே அழைத்தோம். ஒரே ஒருவர் வந்து கடைசிவரை நின்றார். அவருடைய ஆடுகள் மைதானத்தில் மேய்ந்துகொண்டிருந்தன, அதனால் நின்றார்.

சோர்ந்து போயிருந்த நேரத்தில் அம்மாக்களில் ஒருத்திதான் சொன்னாள். இந்த ஊர் ஒரு இடத்தில் ஒன்றாகக் கூடுகிறது என்றால் அது அம்மன் கோயில் தீமிதிக்குத்தான், கோயில் மைக்கில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் வாட்ஸ்அப்பும் வேண்டாம், வாய் வலிக்கக் கத்தவும் வேண்டாம் என்றாள். எங்களுக்கும் அது சரியாகப் பட்டது. எல்லோருமாகக் கோயில் தர்மகர்த்தாவைப் பார்க்கப் போனோம். மாந்தோப்புக்காரர், பேச்சுக் குறைவு, நாங்கள் பேசியதை முழுவதும் கேட்டார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இப்படி ஓடுகிறார்களா என்று என் போனிலிருந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் போடச் சொல்லிப் பார்த்தார். பிறகு நாங்கள் கேட்காததையும் சேர்த்துக் கொடுத்தார்.

எங்கள் ஊர்த் திருவிழாவில் அம்மன் கரகம் தெருவில் வரும்போது அதற்கு முன்னால் இளவட்டப் பிள்ளைகள் ஓடி வழி விலக்குவார்கள். அது சில வீடுகளுக்கு மட்டும் உள்ள உரிமை. அந்த வருடம் அந்த ஓட்டத்தைக் கோகோ பிள்ளைகளுக்குக் கொடுப்பது என்று தர்மகர்த்தா சொன்னார். உரிமைக்காரர்களை அவரே கூப்பிட்டுப் பேசினார். நம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்தானே என்று அவர்களும் விட்டுக்கொடுத்தார்கள். எங்கள் ஊர் வரலாற்றில் அப்படி ஒரு சமாச்சாரம் நடந்ததே கிடையாது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, வீட்டுக்காரருக்கும் வந்தது, அவர் தூசி என்றார்.

கரகத்துக்கு முன்னால் ஓடுகிறவர்கள் காப்புக் கட்டிக்கொள்ள வேண்டும். மஞ்சள் தோய்த்த நூலில் ஒரு மஞ்சள் துண்டை முடிந்து வலது மணிக்கட்டில் பூசாரி கட்டுவார். கட்டிவிட்டால் தீமிதி முடிந்து அவர் கையாலேயே அவிழ்க்கும் வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. என்னைப் போன்ற மற்றவர்கள் வேலைக்குப் போகலாம், விளக்கு வைக்கும் நேரத்துக்குள் ஊருக்குள் வந்துவிட வேண்டும், அவ்வளவுதான். காப்புக் கட்டினவர்களுக்கு அந்தச் சலுகையும் இல்லை. ஒரு பக்கம் ஏரி மதகு, மறுபக்கம் ஹைவே, அதற்குள்தான் இருக்க வேண்டும். போட்டித் தேதியைச் சார் முன்கூட்டியே கேட்டு வைத்திருந்தார். தீமிதி முடிந்து நிறைய நாள் கழித்துத்தான் சித்தூர்ப் போட்டி. அதனால் யாருக்கும் ஒரு யோசனையும் வரவில்லை. எட்டாம் வகுப்புப் பொடிசுகளை விட்டுவிட்டு, பெரிய பிள்ளைகள் அத்தனை பேருக்கும் மேளம் கொட்டிக் காப்புக் கட்டினார்கள். மைக்கில் ஒவ்வொருவன் பேரையும் அப்பா பேரோடு சேர்த்துச் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு ஊரே மாறிப்போனது. நாங்கள் ஒரு வருடம் அலைந்து கேட்டுக் கிடைக்காததெல்லாம் கேட்காமலே வர ஆரம்பித்தது. தையல்காரர் அளவெடுத்து எல்லோருக்கும் ஒரே நிறத்தில் பனியன் தைத்துக் கொடுத்தார். மாங்காய் மண்டிக்காரர் ஷூ வாங்கி வந்தார். பெண்கள் கூட்டமாக வந்து மைதானத்து நெருஞ்சி முள்ளையெல்லாம் பொறுக்கிப் போட்டார்கள். பால் சொசைட்டியில் காப்புக் கட்டின பிள்ளைகளுக்கு என்று தனியாக ஒரு கேன் எடுத்து வைத்தார்கள். என்னைச் சீட்டுக் கம்பெனி என்று நினைத்த தறிக்காரர் என் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, பையன் நல்லா துன்றானா என்று விசாரித்துவிட்டுப் போனார். ஹைவே ஓரம் பஸ் நிற்கும் இடத்தில் பெரிய பிளெக்ஸ் வைத்தார்கள். அதில் எல்லோர் தலையும் இருந்தது, நடுவில் என் பிள்ளை. கடையில் என்னோடு வேலை செய்கிறவர்களிடம் அதன் போட்டோவைக் காட்டாத நாள் இல்லை. நான் கொஞ்சம் அதிகமாகவே ஆடினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு மத்தியானம் சேலத்திலிருந்து வந்த ஒரு பெரியவரின் மொட்டைத் தலையில் கண்ணாடியை நிறுத்திக்கொண்டிருக்கும்போது சாரிடமிருந்து போன் வந்தது. போட்டித் தேதியை முன்னால் தள்ளிவிட்டார்கள் என்றார். காரணம் எதுவும் சொல்லவில்லையாம், மேலிருந்து உத்தரவாம். எப்போது என்று கேட்டேன். சொன்னார். தீமிதிக்கு முந்தின வாரம். பெரியவர் கண்ணாடியோடு என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார், இப்போது எல்லாம் தெளிவாகத் தெரிகிறதம்மா என்று சொன்னார்.

அடுத்த நாள் லீவு போட்டுவிட்டு, திட்டுவதற்குத் தயாராகச் சித்தூருக்குப் போனேன். வழி நெடுக என்ன கேட்க வேண்டும் என்று தெலுங்கில் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். போட்டி நடத்துகிற ஆபீசில் இருந்தவர் நான் கத்துவதற்கு முன்பே நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்துவிட்டார். கதையை முழுவதும் கேட்டார். அவருக்கும் ஏதோ ஒரு ஊரில் அம்மன் இருக்கிறாள் போலிருக்கிறது, காப்பு என்றதும் கையெடுத்து ஒரு கும்பிடு போட்டார். எல்லாப் பள்ளிக்கூடங்களுக்கும் சொல்லியாகிவிட்டது, இந்த ஒரு தேதியை மாற்றினால் மாநிலம் வரைக்கும் மாற்ற வேண்டும் என்றார். பிறகு மெதுவாக, "மன சேதுல்லோ ஏமீ லேதம்மா" என்றார். நம் கையில் ஒன்றும் இல்லையம்மா. அவர் முகத்தைப் பார்த்தால் உண்மையைத்தான் சொல்கிறார் என்று தெரிந்தது. எழுந்து வந்துவிட்டேன். ஒத்திகை பார்த்த ஒரு வார்த்தையும் வெளியே வரவில்லை.

அன்று மாலையே தர்மகர்த்தா வீட்டுக்குப் போனேன். அவர் மட்டும் சரி என்றால் போதும், பூசாரி நடுவிலேயே அவிழ்த்துவிடுவார் என்று எனக்கு ஒரு நம்பிக்கை. அவருக்கு முன்பே செய்தி போயிருந்தது. ராத்திரி தூங்கவில்லை என்றார். அம்மனுக்கு நம் பிள்ளைகள் மேல் கோபம் வருமா, விளையாடத்தானே போகிறார்கள் என்று கேட்டேன். 

"அம்மா ஒண்ணும் சொல்லமாட்டாம்மா. ஊரு சொல்லும். அவுத்து வுட்டுட்டு நாளைக்கி எவன் வூட்ல மாடு செத்தாலும், எவனுக்கு வண்டி கவுந்தாலும் ஒம்புள்ளதான் காரணம்னு சொல்லிக்கினு இருப்பானுங்க. நான் செத்த பெறவும் சொல்லுவானுங்க. ஒம்புள்ள இந்த ஊர்ல தல நிமுந்து நடக்க வாணாமா?"

எப்போதோ ஒரு காலத்தில் காப்புக் கட்டின ஒருவர் மச்சானைப் பார்க்கப் புத்தூருக்குப் போய் வந்ததையும், அந்த வருடம் ஏரி உடைந்ததையும் சொன்னார். அந்த மனிதரின் பேரப்பிள்ளைகளை இன்றைக்கும் ஏரி உடைத்தவன் வீட்டுப் பிள்ளைகள் என்றுதான் சொல்கிறார்கள். எனக்கே அது தெரியும். நானே அப்படிச் சொல்லியிருக்கிறேன். அவரைத் திட்ட வேண்டும் என்றுதான் நினைத்தேன். ஆனால் என் பிள்ளையைக் காப்பாற்றத்தான் அவர் மறுக்கிறார் என்று விளங்கிய பிறகு எந்த வார்த்தையைச் சொல்லித் திட்டுவது? உள்ளேயிருந்து அவர் மனைவி காபி கொண்டுவந்து கொடுத்தாள். குடித்துவிட்டு வந்தேன்.

வீட்டுக்காரரிடம் சண்டை போட்டேன். அவர் ஒரு வார்த்தைகூட எதிர்த்துப் பேசவில்லை, அதுவும் எனக்கு எரிச்சலாக இருந்தது. கடைசியில், "ஊர பகைச்சிக்கினு நாம எங்கமே போய் குந்துறது" என்று மட்டும் சொல்லிவிட்டு, வேனைத் துடைக்கப் போய்விட்டார். துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தார்.

மற்ற அம்மாக்களுக்கு வருத்தம்தான். ஆனால் அவர்கள் பிள்ளைகளை வரச் சொல்லி யாரும் காத்துக்கொண்டிருக்கவில்லை. கோகோ அடுத்த வருடமும் இருக்கும், காப்பு இந்த வருடம் கிடைத்ததே என்று தேற்றிக்கொண்டார்கள். என் பிள்ளைக்குத்தான் அடுத்த வருடம் இல்லை. சார் ஒரு யோசனை சொன்னார். பள்ளிக்கூடத்தின் பெயர் விட்டுப்போகாமல் இருக்க எட்டாம் வகுப்புப் பொடிசுகளை வைத்து ஒரு அணியைப் பதிந்திருக்கிறேன், இவனையும் அதில் சேர்த்திருக்கிறேன், காலை பஸ்ஸுக்கு இவன் ஹைவேக்கு வந்துவிட்டால் போதும், அதிகாரி கண்ணில் பட்டால் போதும் என்றார். சொல்லிவிட்டு, நான் சொன்னேன் என்று ஊரில் சொல்லிவிடாதீர்கள் மேடம் என்றும் சேர்த்துக்கொண்டார். அவரும் இந்த ஊரில்தானே வேலை பார்க்க வேண்டும்.

போட்டி அன்று காலை அவன் பையை நானே எடுத்து வைத்தேன். புதுப் பனியன், மண்டிக்காரர் வாங்கிக் கொடுத்த ஷூ, தண்ணீர் பாட்டில். வேலைக்குப் போகிற மாதிரி என் பையோடு சேர்த்து எடுத்துக்கொண்டால் யாருக்கும் சந்தேகம் வராது. அவனை எழுப்ப வேண்டியிருக்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்து காப்பைத் திருகிக்கொண்டிருந்தான். கிளம்பு, வருகிற பேச்சை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவன் எழுந்திருக்கவில்லை.

"நைனா வண்டி ஓட்டறாருமா," என்றான். "ஏதாச்சும் ஆனா?"

ஒன்றும் ஆகாது என்று சொல்ல வாயெடுத்தேன். எனக்கு அதில் நம்பிக்கை இல்லையா, இருக்கிறதா என்று எனக்கே தெரியவில்லை. தினமும் அந்த வேன் திரும்பி வரும் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவள் நான்.

"எனக்கு பயம் இல்லம்மா. ஆனா ஏதாச்சும் ஆச்சின்னா யாரும் என்னிய சொல்லமாட்டாங்க. ஒன்னியதான் சொல்லுவாங்க. நீதான் கூட்டிக்கினு போனன்னு."

பதினைந்து வயதுப் பிள்ளைக்கு ஊரைப் பற்றி இவ்வளவு தெரிந்திருக்க வேண்டாம். அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். ஹைவேயில் பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போனது இரண்டு பேருக்கும் கேட்டது. பையிலிருந்து பனியனை எடுத்து மடித்து அலமாரியில் வைத்தேன். அன்று வேலைக்கும் போகவில்லை, தலைவலி என்று போன் செய்துவிட்டேன்.

ஊருக்கும் மனது கேட்கவில்லை போலிருக்கிறது. பத்து மணிவாக்கில் கோயில் மைக்கில் தர்மகர்த்தா குரல் கேட்டது. நம் பிள்ளைகள் அம்மனுக்காகப் போட்டியை விட்டுக்கொடுத்திருக்கிறார்கள், அவர்களை வெறுமனே உட்கார வைப்பது ஊருக்கு அழகில்லை, மத்தியானம் கோயில் திடலில் அவர்களே இரண்டு பிரிவாகப் பிரிந்து ஆடுவார்கள், எல்லோரும் வந்து பார்க்க வேண்டும் என்றார். கொஞ்ச நேரத்தில் தெருவில் ஏதோ குறைகிற மாதிரி இருந்தது. என்னவென்று யோசித்தால் தறிச் சத்தம் இல்லை. எங்கள் ஊரில் சாவு விழுந்தால்தான் பகலில் தறி நிற்கும். அன்றைக்குக் கோகோவுக்காக நிறுத்தியிருந்தார்கள்.

அப்படி ஒரு கூட்டத்தை நான் எதிர்பார்க்கவே இல்லை. மதில் மேல், டிராக்டர் மேல், மாடிகளின் மேல் என்று எங்கும் ஜனம். திருவிழாக் கூத்துக்கு வந்திருந்த கட்டியங்காரன், அதுதான் கூத்தில் கோமாளி வேஷம் கட்டி ஆட்களை அறிமுகம் செய்கிறவன், வேஷம் இல்லாமல் கைலியோடு மைக்கைப் பிடித்துக்கொண்டான். அவனுக்குக் கோகோவைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் வாய் இருந்தது. ஓடுகிறவன், விழுகிறவன், குந்தியிருக்கிறவன் எல்லோரையும் ராஜாவாக்கிப் பாடினான். ஜனம் விழுந்து விழுந்து சிரித்தது.

என் பிள்ளை இறங்கினான். நான் எத்தனையோ முறை அவன் ஆடிப் பார்த்திருக்கிறேன், அன்று ஆடியது மாதிரி பார்த்ததில்லை. துரத்துகிறவன் விரல் நுனி பனியனில் படுகிற வரை நின்று, அப்புறம் நகர்ந்தான். வரிசையின் முனையில் நட்டிருந்த கம்பத்தைப் பிடித்துச் சுழன்று மறுபக்கம் போனான். ஒருவன் மாற்றி ஒருவன் எழுந்து துரத்தினார்கள், ஒருவனாலும் முடியவில்லை. முதலில் கத்திக்கொண்டிருந்த கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கிப்போய் வெறுமனே பார்த்தது. கட்டியங்காரன்கூட வாயை மூடிக்கொண்டான். விசில் ஊதி ஆட்டம் முடிந்ததும் எழுந்த சத்தம் பக்கத்து ஊருக்குக் கேட்டிருக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருத்தி, யாரென்றுகூட எனக்குத் தெரியாது, என் தொடையில் தட்டி, "ஒம்புள்ளயா? குடுத்து வெச்சவ மே நீ" என்றாள்.

அப்போதுதான் சார் போன் செய்தார். இந்தச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. காதைப் பொத்திக்கொண்டு கோயில் மதிலுக்குப் பின்னால் போனேன். பொடிசுகள் முதல் ஆட்டத்திலேயே தோற்றுவிட்டார்கள் என்றார். அது நான் எதிர்பார்த்ததுதான். பிறகு குரலைத் தாழ்த்தி, மேடம் என்றார். என்ன சார் என்றேன்.

"அந்த ஆபீசர் வந்தாரு மேடம். போன வருஷம் வந்த நீளக்கால் பையன் எங்கன்னு கேட்டாரு. சொன்னேன். ரொம்ப நேரம் லிஸ்ட்டையே பார்த்துக்கினு இருந்துட்டு, வேற பையன் பேர எழுதிக்கினு போயிட்டாரு."

சரி சார் என்றேன்.  மதிலுக்கு அந்தப் பக்கம் என் பிள்ளையைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு சுற்றிக்கொண்டிருந்தார்கள். தறிக்காரர் தன் துண்டை அவன் கழுத்தில் போட்டார். யாரோ பிஸ்கட் பாக்கெட்டுகளைக் கோர்த்து மாலையாகப் போட்டார்கள். ஒரு வருடம் நான் தெருத் தெருவாகப் போய்க் கேட்டது இதைத்தான். இப்படி ஒரு ஊர் பின்னால் நின்றால் போதும் என்றுதான் சொல்லிச் சொல்லிக் கேட்டேன். எல்லோரும் வந்துவிட்டார்கள், ஒரு ஆள் பாக்கியில்லை. மதிலில் சாய்ந்து நின்று அழுதேன். கூட்டத்தில் இரண்டு மூன்று பேர் பார்த்துவிட்டு, பெற்றவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்.

தீமிதி நல்லபடியாக நடந்தது. பிள்ளைகள் கரகத்துக்கு முன்னால் ஓடினார்கள், நெருப்பில் இறங்கினார்கள், யாருக்கும் ஒரு கொப்புளம் இல்லை. வேன் எதுவும் கவிழவில்லை, மாடு எதுவும் சாகவில்லை. மறுநாள் பூசாரி காப்பை அவிழ்த்தார். அன்று மாலை கிளப் கூட்டம் கோயிலிலேயே நடந்தது. ஊரே உறுப்பினர். அடுத்த வருடம் சித்தூர்ப் போட்டிக்குப் பஸ் வைத்துப் போவது என்று ஏகமனதாக முடிவெடுத்தார்கள். எத்தனை பஸ் என்பதில்தான் வாக்குவாதம். என்னை மறுபடியும் தலைவி ஆக்கிக் கைதட்டினார்கள், நானும் எழுந்து கும்பிட்டேன்.

வீட்டுக்கு நடந்து வரும்போது அவன் வெறும் மணிக்கட்டைத் தடவிக்கொண்டே வந்தான். நூல் கட்டியிருந்த இடம் மட்டும் வெளுத்து மஞ்சளாக இருந்தது. சார் அன்றைக்குப் போன் பண்ணினாரா என்று கேட்டான். அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. அதிகாரி கேட்டதையும், பார்த்துக்கொண்டிருந்ததையும், வேறு பேர் எழுதியதையும் சொன்னேன். அவன் அழுதால் என்ன செய்வது என்று தெரியாமல் சொன்னேன். அவன் அழவில்லை. 

"போன வருஷம் நம்மகூட யாருமே வரலல்லம்மா?"

"இல்லப்பா. சார் மட்டும்தான்."

"அதாம்மா போவ முடிஞ்சிது," என்றான்.

அவனை என்னால் திட்ட முடியவில்லை. பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டு கூடவே நடந்தேன்.